ஆறு இதழில் இரண்டைக் காணோம்

கயிற்றை இழுத்து மோட்டார் உயிர் பெற்றதும் அவள் பயணிகளைப் பார்க்க மாட்டாள், அக்கரையையும் பார்க்க மாட்டாள். கையைப் பின்னால் நீட்டி, மோட்டாரின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து பீய்ச்சி விழும் தண்ணீரை உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பாள். விடாமல், அழுத்தமாக விழுந்தால்தான் கியர் போடுவாள். பத்தொன்பது வருடமாக இதே பழக்கம். "என்ன, மோட்டார் ஒண்ணுக்குப் போயிடுச்சா? கிளம்பலாமா?" என்று தினமும் வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அவள் வாய் திறந்ததில்லை. படகுத்துறையில் அவளுக்குப் பேசாமடந்தை என்றே பேர்.

படகு அப்பா விட்டுப்போனது. காகிதம் அண்ணன் பேரில் இருந்தது, ஓட்டியது அவள். ஆறு கடலில் சேருகிற இடம் என்பதால் தண்ணீரில் பாதி உப்பு. அதைத்தான் மோட்டார் அடியில் உறிஞ்சி, குழாய் வழியே மேலே ஏற்றி, தன் சூட்டைத் தணித்துக்கொண்டு வெளியே துப்பும். அந்த மாதம் அது துப்பியது நூல் மாதிரி இருந்தது. ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினாள். அடியில் தண்ணீர் நுழையும் சல்லடையில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டினாள். அப்படியும் நடு ஆற்றில் சூட்டு மணி வீலென்று கத்தியது. மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்பு போட்டுக் கரை சேர்ந்தாள். மறுவாரமும் அதே கதை.

ஒரே மாதத்தில் இரண்டு முறை நடு ஆற்றில் நின்றால் துறை வரிசையில் இடம் போய்விடும். படகுத்துறை சூப்பர்வைசர் கொஞ்சம் இரக்கப்பட்டார். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நானே ஏறி உக்காருவேன். முழு ஏத்தத்தோட போயிட்டுத் திரும்பணும். மணி கத்துச்சுன்னா இடம் அடுத்த படகுக்கு."

மோட்டாரை மெக்கானிக்கின் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். அவர் மோட்டாரின் தண்ணீருக்குள் நிற்கும் காலைக் கழற்றி, தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைப் புதிதாக மாற்றினார். தெருக்குழாயிலிருந்து வரும் ரப்பர் குழாயைச் சல்லடைமேல் மாட்டி, தண்ணீரைத் திறந்து, மோட்டாரை ஓடவிட்டார். தண்ணீர் சுவர் வரைக்கும் பாய்ந்தது. "பாத்தியா தங்கச்சி, குதிரை!" என்றார்.

வியாழக்கிழமை காலையில் ஆற்றில் இறக்கினால் குதிரை மறுபடி நூல் விட்டது. பாதித் தூரம் போகும்முன் மணி கத்தியது. மறுபடி கொட்டகைக்கே தூக்கி வந்தார்கள்.

"இனி இதுல ஒண்ணுமில்ல. இன்ஜின் ஹெட்டே போயிருக்கும்" என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "பழைய இரும்புக்குப் போடுங்க."

"நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார் அண்ணன். "படகையும் சேத்துத் தள்ளிவிட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்."

அவள் தலை குனிந்தபடி நின்றாள். பிறகு, "விக்கக் கூடாது" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"காகிதம் யார் பேர்ல இருக்கு?" என்றார் அண்ணன்.

"உங்க பேர்லதான். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் மோட்டார் என்னோடது."

அண்ணி பக்கத்து வீட்டுக் காலி டீசல் டிரம்மைக் கேட்டு வாங்கி உருட்டி வந்தார். இருவரும் அதைக் கழுவி, குடம் குடமாகத் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் காலை அதில் இறக்கினார்கள். டிரம்மில் நிற்கிற தண்ணீர் தானாக ஏறாது, மோட்டார்தான் ஏற்ற வேண்டும். ஓடவிட்டாள். நூல்தான் விழுந்தது. ஒரு நிமிஷத்தில் அணைத்தாள்.

"அன்னைக்கு இங்க தண்ணியைத் தள்ளினது மோட்டார் இல்ல, தெருக்குழாய்" என்றாள். "தண்ணி போற வழியில என்னமோ நிக்குது. பழைய இம்பெல்லர் எங்க?"

"அது எதுக்கு? குப்பைல கெடக்கும்" என்றார் மெக்கானிக்.

குப்பைத் தகரத்தைக் கவிழ்த்தாள். கிரீஸ் துணிகளுக்கு நடுவே அது கிடைத்தது. அதற்கு ஆறு இதழ்கள் இருக்க வேண்டும். நான்குதான் இருந்தன. இரண்டு வேரோடு பிய்ந்திருந்தன.

"ரெண்டு எங்கண்ணே?" என்று மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"தண்ணியோட போயிருக்கும்மா."

அவள் மோட்டாரின் பக்கவாட்டு ஓட்டையைக் காட்டினாள். தீக்குச்சி நுழையும் அளவு. பிய்ந்த இதழோ கட்டைவிரல் நகம் அளவு. "இந்த ஓட்டை வழியா அது போகும்னா, நீங்க உங்க கடைப் பூட்டு ஓட்டை வழியா உள்ள போயிடலாம்."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். "பத்தொன்பது வருஷத்துப் பேச்சை ஒரே நாள்ல பேசித் தீத்துடாதே, நாளைக்கும் கொஞ்சம் வச்சுக்கோ!" மெக்கானிக்குக் காது வரை சிவந்தது. ஆனாலும் ஸ்பேனர் பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

மோட்டாரின் காலைக் கழற்றி, தண்ணீர் ஏறும் செம்புக் குழாயின் மேல்முனையில் கம்பிக் கொக்கியை விட்டுத் துழாவினாள். ஒரு துண்டு வந்தது. இன்னொன்று வரவில்லை. மேலே தெர்மோஸ்டாட் என்கிற சிறு அடைப்பான் இருந்த அறைக்குத்தான் அது போயிருக்க வேண்டும். அதன் மூடியை நான்கு போல்ட் பிடித்திருந்தது, நான்கிலும் உப்புப் பூத்திருந்தது.

"தொடாதே!" என்று அண்ணன் கத்தினார். "ஒடிஞ்சா பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான்."

"ஒடியட்டும். பழி என்னோடது."

எண்ணெய் விட்டு ஊறவைத்தாள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று அசைத்தாள். மூன்று இளகின. நான்காவது டக்கென்று ஒடிந்தது. அண்ணன் எழுந்து போய்விட்டார். அவள் நிறுத்தவில்லை. மூடியைத் திறந்தால் தெர்மோஸ்டாட்டின் வாயில் இரண்டாவது இதழ் நாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு துண்டையும் பழைய சக்கரத்தின் பிய்ந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தின. அதன் பிறகுதான் மூடினாள், மூன்று போல்ட்டோடு. டிரம்மில் ஓடவிட்டபோது தண்ணீர் விடாமல், அழுத்தமாகப் பீய்ச்சியது. மூடி ஓரத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு பேர், ஆறு மூட்டை, நடுவில் கைக்கடிகாரத்தோடு சூப்பர்வைசர். அண்ணன் கரையிலேயே நின்றார். நடு ஆற்றைத் தாண்டும்போது சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். "ஏம்மா, மேல ஒழுகுதே?"

"ஒழுகுது சார். கத்தலையே."

அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது. திரும்பி வரும்போதும் மணி கத்தவில்லை. இறங்கியதும் சூப்பர்வைசர் நோட்டில் கையெழுத்துப் போட்டார். அவள் அண்ணன் பக்கம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: "காகிதத்துல என் பேரையும் எப்பச் சேக்கறீங்க?"

மெக்கானிக் கொட்டகையில் இப்போது ஒரு பெரிய டிரம் நிற்கிறது. அது தன் யோசனை என்று வருகிறவர்களிடம் சொல்கிறார். அவள் மறுப்பதில்லை. நான்காவது போல்ட்டைத் துளை போட்டு எடுத்தாகிவிட்டது, கசிவு நின்றுவிட்டது. அண்ணன் அவளோடு பேசி எட்டு மாதமாகிறது. காகிதத்தில் இன்னும் அவர் பேர் மட்டுமே இருக்கிறது. மாதத்துக்கொரு முறை அவள் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள். படகு துறை வரிசையில் மூன்றாவது இடத்தில் ஓடுகிறது, அதை அவள்தான் ஓட்டுகிறாள்.