ஜெர்மனிச் சரஸ்வதி

எனக்குக் கோபம் மூக்கின்மேல் இருக்கும். அதனால் கெட்டுப்போன காரியங்கள் ஏராளம். ஒரே ஒரு தடவை அது எனக்கு நல்லது செய்தது.

1930களின் தொடக்கத்தில், பினாங்கில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பயிற்சி ஆசிரியை. சனிக்கிழமை காலைகளில் எங்களைப் போன்ற பன்னிரண்டு பேருக்கு வகுப்பு நடக்கும். சீனப் பெண்கள், யூரேசியப் பெண்கள், தமிழச்சி என்று நான் ஒருத்தி. சித்திரம் சொல்லித்தர விரும்புகிறவர்கள் உலகக் கலை வரலாறு என்ற பாடத்திலும் தேற வேண்டும் என்று அந்த வருஷம் சொல்லிவிட்டார்கள். தேறினால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதை அப்பா முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

"இந்தத் தடவ பாஸ் பண்ணலன்னா வீட்டோட இரு. படிச்சது போதும்."

எனக்கோ அந்தப் பாடம் உயிராகிவிட்டது. தடித்த புத்தகம் ஒன்றுதான். முறை வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவோம். எகிப்துக்காரன் முகத்தைப் பக்கவாட்டில் வரைந்துவிட்டுக் கண்ணை மட்டும் ஏன் நேராக வைத்தான்? சீனக்காரர் மலையை வரைந்துவிட்டுப் பாதித் தாளை ஏன் சும்மா விட்டார்? படிக்கப் படிக்க ஊரே வேறு மாதிரித் தெரிந்தது. ஆயர் ஈத்தாம் மலையிலிருக்கும் புத்தர் கோயில் கோபுரத்துக்கு அடி சீனம், நடு சயாம், உச்சி பர்மா என்று கண்டுகொண்ட அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் அதைச் சொன்னேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

ஒன்றுதான் எரிச்சலாக இருந்தது. கிரேக்கத்துக்கு எண்பது பக்கம் கொடுத்த புத்தகம், தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு படம் போட்டிருந்தது. அதுவும் மங்கல்.

கடைசிப் பரீட்சை வாய்மொழி. வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து, அது எந்த மரபைச் சேர்ந்தது என்று பத்து நிமிஷம் பேச வேண்டும். நான் எங்கள் சாமி மேடையிலிருந்த சரஸ்வதி படத்தை எடுத்துப்போக முடிவு செய்தேன். அம்மா அந்தப் படத்துக்கு ஜரிகையும் சம்கியும் மணியும் ஒட்டி, நிஜச் சேலை, நிஜ நகை போலச் செய்திருந்தாள். அந்த நாளில் பல வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டுச் சரஸ்வதிதான் அழகு.

"சாமி படத்தக் கழட்டி வெளியில கொண்டு போறதா? ஒனக்கு மூள கீள கொழம்பிப் போச்சா?" என்றாள் அம்மா. அரை நாள் கெஞ்சிய பிறகு இறங்கி வந்தாள். "தரையில வைக்கக் கூடாது லா. ரிக்‌ஷாவுல மடியிலயே வச்சிக்கணும். கண்டவங்க கையில குடுக்கக் கூடாது."

பரீட்சை நடத்தியவர் ஒரு துரைசானி. படத்தை மேசைமேல் பட்டுத்துணி விரித்து வைத்துவிட்டு நான் முழங்கினேன். இது இரண்டாயிரம் வருஷத் தமிழ்க் கலை என்றேன். இதில் அந்நியர் கை படவே இல்லை என்றேன். நாக்கில் சனி!

துரைசானி குனிந்து பார்த்தார். பின்பலகையைக் கழற்றலாமா என்று கேட்டார். எனக்கென்ன பயம், தாராளமாக என்றேன். சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தில் பொடி எழுத்து இருந்தது. அதை அவர் மெதுவாகப் படித்தார்: ஜெர்மனியில் அச்சிடப்பட்டது.

வகுப்பே சிரித்தது. எனக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. அழுதிருக்க வேண்டும், அதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"காகிதம் ஜெர்மனி. சட்டம் சூலியா தெருச் சீனத் தச்சர் செய்தது. ஜரிகை ஊரிலிருந்து கப்பலில் வந்தது. இருக்கட்டுமே! கிரேக்கன் எகிப்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டான், ரோமாபுரிக்காரன் கிரேக்கனைப் பார்த்துச் செய்தான் என்று உங்கள் புத்தகம்தான் சொல்கிறது. அங்கே அதற்குப் பேர் வரலாறு, எங்கள் வீட்டில் மட்டும் சிரிப்பா?"

சிரிப்பு நின்றது. துரைசானி கோபப்படவில்லை. "சரி. இந்த மணிகளை ஒட்டியது யார்?"

"என் அம்மா."

"சேலைக் கரைக்கு ஏன் நீலம் வைத்தார்?"

"தெரியாது."

"எங்கோ எப்போதோ செத்துப்போனவர்கள் ஏன் எப்படி வரைந்தார்கள் என்று தெரிந்துவைத்திருக்கிறாய். வீட்டில் இருப்பவரைக் கேட்கவில்லையா? அடுத்த சனிக்கிழமை வந்து மீதியைச் சொல். அப்புறம்தான் மார்க்."

வீட்டுக்கு வந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு அடுப்படியில் உட்கார்ந்தேன். அம்மாவுக்குச் சிரிப்பு. "இதெல்லாமா பரீட்சையில கேக்குறாங்க?"

"சொல்லும்மா."

"வாங்கினப்போ அவ மொகம் வெள்ளக்காரி மொகமாட்டம் இருந்திச்சி. நம்ம வீட்டுக்கு வந்தவ நம்ம பொண்ணாட்டம் இருக்க வேணாமா? அதான் மூக்குத்தி வச்சேன். சேல வெள்ள, வெளக்கு வெளிச்சத்துல எடுபடல. கரைக்கு நீலம் குடுத்ததும்தான் எழும்பி வந்தா."

"வீணை?"

"அந்த ஜெர்மன்காரன் நரம்ப சரியாவே போடல. கோயில்ல வீணக் கச்சேரி வச்சாங்கல்ல, முன்னால போயி ஒக்காந்து எண்ணிப் பாத்தேன். ஏழு. தங்க நூல்ல ஏழும் போட்டேன். மூணு தடவ பிரிச்சிப் பிரிச்சிப் போட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் தினமும் அந்தப் படத்தின் முன்னால் கும்பிட்டிருக்கிறேன். ஒரு நரம்பைக்கூட எண்ணியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

"மணி எங்கம்மா வாங்கின?"

அம்மா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்து வீட்டுச் சீனத்தி, நம்ம நோன்யா அக்கா குடுத்தா. செருப்புல பூவேல செய்வால்ல, அதுல மிஞ்சினது."

"செருப்பு மணியா? சரஸ்வதிக்கா?"

"கத்தாத! செருப்புக்கு வாங்கின மணி, செருப்புல போட்ட மணி இல்ல. மஞ்சத் தண்ணியில அலசித்தான் ஒட்டுனேன். ஒங்கப்பாகிட்ட சொன்னே, தொலச்சிப்புடுவேன்."

அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன், செருப்பு மணி உட்பட. இந்தத் தடவையும் சிரித்தார்கள். ஆனால் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே சிரித்தார்கள். துரைசானி அம்மாவின் பேரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. தேறிவிட்டேன். சித்திர ஆசிரியை வேலை எனக்குத்தான். அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, பலகாரம் வாங்கக் கிளம்பினார். நான் அடுப்படிக்கு ஓடினேன்.

"வீண நரம்பச் சொன்னியா?" என்றாள் அம்மா.

"சொன்னேன்."

"மணி?"

"அதையும் சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! வேற என்னதான் சொன்ன?"

"வேற ஒண்ணும் இல்லம்மா. பத்து நிமிஷமும் நீ செஞ்சத மட்டுந்தான் சொன்னேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப பாஸானது நீயா, நானா?"

"நீதாம்மா," என்றேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அதுக்கு ஏண்டி அழுவுற?" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "வேல ஒனக்குத்தான குடுத்திருக்காங்க. நாளைக்கு என்ன சேல கட்டிக்கிட்டுப் போவப்போற, அத யோசி."