கடல் தாண்டினால் கேட்காது

லண்டன் சட்ட நிறுவனத்திலிருந்து வந்த மின்னஞ்சலை மச்சாள் எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த பின்னேரத்தில்தான் அந்தக் குரலை நான் முதன்முதலாகக் கேட்டேன். மட்டக்களப்புப் பக்கம் தேற்றாத்தீவில் அவளுடைய வீட்டின் பின்விறாந்தையில் இருந்தோம். வெளிச்சம் மங்கி, நுளம்புக்கு வேப்பிலைப் புகை போடும் நேரம். வாவிப் பக்கமிருந்து ஒரு பெண், சோறு தின்னக் கூப்பிடுவதுபோல, அவசரமில்லாமல் "கிளீ..." என்றாள். மச்சாளை அப்படிக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். அவளைப் பெற்றவர், என் அப்பாவின் தங்கை. கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக் காலையில் மாமியைத் தண்ணீர் கொண்டுபோனது. மச்சாள் அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. மாமியின் உடல் கிடைக்கவேயில்லை.

நான் வாய் திறப்பதற்குள் அவளுடைய தகப்பன், என் மாமா, அவளிடம் "ஓம் எண்டு சொல்லிப்போடாதகா," என்றார். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் அதே சாதாரணக் குரலில் சொன்னார். மச்சாள் தலை நிமிரவில்லை. மின்னஞ்சலின் அடுத்த வரியை வாசித்தாள். அந்தியில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம்வரை பதில் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். செத்தவர்கள் மூன்றாம் தரம் கூப்பிடமாட்டார்கள், அதற்குள் பதில் சொன்னவரை விடவும்மாட்டார்கள் என்பார்கள். அந்தக் குரல் இரண்டாம் தரம் கூப்பிட்டது. பிறகு தவளைச் சத்தம் மட்டுந்தான்.

மச்சாளும் நானும் கொழும்பில் ஒன்றாகச் சட்டம் படித்தோம். எனக்கு நீதிமன்றத்தில் நின்று பேச ஆசை. அவளுக்குக் கம்பனிச் சட்டம். கம்பனியைக் கம்பனி வாங்கும் ஒப்பந்தங்களை நாவல்போல இருந்து வாசிப்பாள். பயிற்சிக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. கொழும்பில் சேர்ந்தால் வெள்ளிக்கிழமை பஸ் ஏறி விடியும்போது தகப்பனிடம் வந்துவிடலாம். லண்டனில் சேர்ந்தால் நாடுகளுக்கிடையே நடக்கும் பெரிய பேரங்களை உள்ளேயிருந்து கற்கலாம். ஆனால் அந்தத் தகுதியோடு இங்கே திரும்பித் தொழில் செய்ய மறுபடி பரீட்சை எழுதவேண்டும். திரும்பி வராதே என்பதைத்தான் அந்த விதி நாகரிகமாகச் சொல்கிறது என்று எனக்குப் பட்டது. ஒரு கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும். அதற்காகத்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். தனியே வரப் பயந்து என்னையும் கூட்டிவந்தாள் என்பது பிறகுதான் விளங்கியது.

அடுத்த நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா மகளிடம் கேட்டார். "கம்பனி லோயர் எண்டா என்ன வேலை மனே?"

"சட்டத்தில கம்பனியும் ஒரு ஆள்தான் அப்பா. அதுக்கு உடம்பில்ல. அத நடத்துற ஆக்கள் செத்தாலும் அது சாகாது. அதுக்காகப் பேசுறதுதான் எங்கட வேலை."

மாமா மீன்முள்ளை ஓரமாக வைத்தார். "உடம்புமில்ல, சாவுமில்ல. பேர் மட்டும் இரிக்கி." பிறகு, "அப்ப உனக்குப் பழக்கந்தான்," என்றார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. மாமியின் சாவை அவர் அதுவரை பதியவும் இல்லை; ஒரு சடங்கும் செய்யவில்லை.

வழக்கறிஞராகப் போகிறவள் நான், ஒரு குரலுக்குப் பயப்படுவதா என்று எனக்கு ரோசம் வந்தது. அன்று பொழுது சாயும்போது வாவிக்கரைக்குப் போனேன். உவர்நீரில் வளரும் கண்ணாப் பற்றைகளுக்கு இடையில் தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. தோணி இல்லை, ஆளில்லை. காத்து நின்றேன். குரல் வந்தது. ஆனால் தண்ணீரிலிருந்து அல்ல. எனக்குப் பின்னால், வீட்டிலிருந்து வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மச்சாள் குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீயா கூப்பிட்ட?" என்று கேட்டாள். அவளுக்கு அது வாவியிலிருந்து கேட்டிருக்கிறது.

அன்றே அவள் முடிவைச் சொன்னாள். "நான் கொழும்பிலேயே சேரப்போறன் அப்பா. உங்கள விட்டுட்டுப் போக ஒண்ணா."

மாமா சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் இருண்டது. "கொழும்பில இருந்தா லீவுக்கு லீவு வருவாய். வந்து இந்த நேரத்தில இஞ்ச இருப்பாய். ஒரு நாளைக்கு அலுத்துப்போய் ஓம் எண்டிருவாய். கடல் தாண்டினாக் கேக்காது மனே. நீ போ."

"நீங்க?"

"என்னைய அவ ஒருநாளும் கூப்பிடல்ல," என்றார். அவர் குரலில் இருந்தது ஆறுதலா மனத்தாங்கலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மச்சாள் நெடுநேரம் அழுதாள். பிறகு லண்டனுக்குச் சம்மதம் எழுதினாள்.

அவள் புறப்பட்ட நாளில் வேன் பிந்தி, பொழுதுபடத்தான் வந்தது. பெட்டியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது "கிளீ..." என்றது. இரண்டாம் தரமும் கேட்டது. வளவில் நின்ற நாய் வாலை ஒடுக்கிக்கொண்டது. பிறகு, அத்தனை வருடத்தில் நடக்காதது நடந்தது. மூன்றாம் தரமும் கூப்பிட்டது, மிகக் கிட்ட. மாமா கையை நீட்டி அவள் வாயைப் பொத்துவதற்குள் மச்சாள் வாவியைப் பார்த்து, "போயிற்று வாறன் அம்மா," என்று சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு அந்த வளவில் குரல் கேட்கவில்லை. முதலில் நான் நிம்மதியடைந்தேன். மாமாதான் மெலிந்துபோனார். அந்தி நேரத்தில் பின்விறாந்தையில் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பார். "மகளக் காப்பாத்திறன் எண்டு நினைச்சன். ரெண்டு பேரையும் சேத்து அனுப்பிப்போட்டன்," என்றார் ஒருநாள். அந்த வருடந்தான் மாமியின் சாவைப் பதிந்து, சடங்குகளைச் செய்தார்.

இப்போது நான் மட்டக்களப்பில் வழக்காடுகிறேன். ஞாயிறு பின்னேரங்களில் மாமாவிடம் போய், கைத்தொலைபேசியில் மகளைக் காட்டுவேன். இங்கே இருள்கிற நேரத்தில் அங்கே பட்டப்பகல். அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். மாமா முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா கூப்பிடுறாவா?" என்பார்.

"ஓம் அப்பா. நேத்தும் கூப்பிட்டா."

ஆதாரமில்லாத ஒரு சொல்லைக்கூட ஒப்பந்தத்தில் விட்டுவைக்காதவள் அவள். தகப்பனின் மனம் ஆறட்டும் என்று சொல்கிறாளா, உண்மையாகவே கேட்கிறதா என்று அவளிடம் கேட்க இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை. அழைப்பு முடிந்ததும் மாமா என் பக்கம் திரும்பி, "அப்ப தனிய இல்ல," என்பார். மகளைச் சொல்கிறாரா, மாமியைச் சொல்கிறாரா என்று அவரிடமும் நான் கேட்டதில்லை.