விரல் விழுந்த படம்

எனக்குப் பெரிய கை. காப்புக் கடையில் என் அளவுக்கு ஒருநாளும் காப்பு இருந்ததில்லை. கடைக்காரர் சவர்க்காரம் போட்டு ஏற்றிப் பார்ப்பார், பிறகு, "தங்கச்சி, உங்களுக்குச் செய்விக்கத்தான் வேணும்" என்று கையை விட்டுவிடுவார். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனால் அந்தக் கைக்கென்றே செய்தது போல ஒரு சாமான் என்னிடம் இருந்தது. அது என்னுடைய பழைய ஃபிலிம் கமரா.

நல்ல கனம். லென்ஸ் இடது உள்ளங்கையில் குந்தியிருக்கும். வலது கை உடலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். முழங்கைகள் விலாவோடு ஒட்டும், கமராவின் பின்பக்கம் நெற்றியோடு ஒட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை அமர்த்தினால் படம் ஆடவே ஆடாது. சண்டைக் காலத்தில் கை நடுங்காத ஆள் ஒருவர் திருகோணமலையில் இருந்திருந்தால் எனக்குக் காட்டுங்கள். இயக்கத்துச் சுழியோடிகள் நீருக்கடியால் வந்துவிடுவார்கள் என்று துறைமுகத் தண்ணீருக்குள் கடற்படை வெடி போட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் எங்கள் ஸ்டூடியோக் கண்ணாடிகள் கிலுகிலுக்கும். என் கையும் நடுங்கும்தான். ஆனால் கமராவின் கனம் அந்த நடுக்கத்தை விழுங்கிவிடும், முகத்தையும் மறைத்துவிடும். அதனால் நான் நெஞ்சுரம் உள்ளவள் என்று ஊரில் ஒரு பெயர் எடுத்திருந்தேன். உண்மையில் அந்த உரம் கமராவுடையது.

கணவர் கட்டாருக்குப் போன பிறகு ஸ்டூடியோவை நான்தான் நடத்தினேன். அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்பேன். எனக்கென்றே இருந்த வேலை கிண்ணியாவில். அங்கே முஸ்லிம் கல்யாண வீடுகளில் பெண்கள் இருக்கும் அறைக்குள் ஆண் படக்காரர் போக முடியாது, அதனால் என்னைக் கூப்பிடுவார்கள். அதற்கு நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். மணப்பெண்ணின் படங்களை நானே கழுவுவேன், நானே அச்சடிப்பேன். படத்தோடு நெகட்டிவையும் பெண்ணின் தாயின் கையில் கொடுத்துவிடுவேன். கடையில் ஒரு துண்டும் மிஞ்சாது, அந்நிய ஆண் ஒருவர் கண்ணிலும் அந்தப் படம் படாது. என்னை விட நன்றாகப் படம் எடுப்பவர்கள் ஊரில் இருந்தார்கள். என்னைக் கூப்பிட்டது இந்த முறைக்காகத்தான்.

அந்த வருஷம் கொழும்பு வீதி அடிக்கடி பூட்டப்பட்டது. ஃபிலிம் சுருளுக்குப் பெரிய தட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்துக் கணவர், ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு டிஜிட்டல் கமராவும் படம் அச்சடிக்கும் சின்னப் பிரின்டர் ஒன்றும் கொடுத்தனுப்பினார். கமரா பாதி தேய்ந்த சவர்க்காரக் கட்டி அளவுதான் இருந்தது. தொலைபேசியில் அவருக்கு ஒரே பெருமை.

"இப்ப எல்லாம் வர வரச் சின்னனாகுது. இனி உமக்குத் தோள் நோகாது, பாரும்."

தோள் நோகவில்லை. மற்றதெல்லாம் நொந்தது. பின்பக்கம் முழுக்கத் திரை. கட்டைவிரல் இளைப்பாற வேண்டிய இடத்தில் உளுந்து அளவு பொத்தான்கள். விரல் பட்டால் ஃபிளாஷ் அணையும், இன்னும் கொஞ்சம் பட்டால் ஏதோ பட்டியல் விரியும். மூக்குப்பொடி எடுப்பவர் போல இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்க வேண்டும், மற்ற விரல்களுக்குப் போக்கிடம் இல்லை. என் இடது கையோ வேலை போன உத்தியோகத்தர் போலப் பழக்க தோஷத்தில் லென்ஸுக்குக் கீழே போய் நிற்கும். அங்கே தாங்குவதற்கு ஒன்றும் இல்லை, ஆகவே விரல் லென்ஸின் மேலேயே விழும். நெற்றியில் ஒட்டவும் வழியில்லை. கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுக்க வேண்டும். நீட்டிய கையில் என் நடுக்கம் அப்படியே படத்தில் இறங்கியது. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனம் போன பிறகுதான் பயம் வந்தது.

இருந்தும் கிண்ணியாவில் ஒரு கல்யாணத்துக்கு அதைத்தான் கொண்டுபோனேன். வேறு வழியும் இல்லை. புதுச்சாமானைக் காட்டும் ஆசையும் கொஞ்சம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் தட்டையான படகுதான் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும். எங்கள் கரையில் ஏறும்போதும் திரும்பி இறங்கும்போதும் சோதனை. முன்பெல்லாம் கமரா கழுத்தில் தொங்கும். சென்றிக் காவலரணில் நிற்பவர்கள் தூரத்திலேயே கண்டு, "கமரா அக்கா" என்று வழி விடுவார்கள். அன்றைக்குக் கழுத்தில் ஒன்றுமில்லை. கை வேர்த்து வழுக்கியதால் கமராவைப் பொத்திப் பிடித்திருந்தேன். பொத்திய கைக்குள் ஏதோ மினுங்குவதைக் கண்டதும் சென்றியில் நின்ற பெடியன் துவக்கைத் தூக்கிவிட்டான்.

"கை திற! கை திற!"

பின்னால் நின்ற சனம் சட்டென்று விலகியது. பெரிய கையும் சில வேளை திறக்க மறுக்கும். எப்படியோ விரித்தேன். கமரா என்று கண்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கினான், நான் ஒரு கிழமையாகத் தேடிக்கொண்டிருந்த பொத்தானை ஒரே அமர்த்தில் கண்டுபிடித்தான். நான் பழகுவதற்காக எடுத்திருந்த படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. என் குசினி, கழுவாத சட்டிகள், கொடியில் காயும் என் உடுப்புகள். இன்னொருவனையும் கூப்பிட்டுக் காட்டினான்.

எனக்கு உடம்பு கூசியது. பழைய கமராவிலும் தொல்லை இல்லாமல் இல்லை. சோதிக்கிறேன் என்று பின்கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டு ஃபிலிம் செத்துப்போகும். ஆனால் செத்த படத்தை யாரும் பார்க்க முடியாது. இதிலோ எல்லாவற்றையும் எவரும் பார்க்கலாம். பாதையில் ஏறியதும், இனி ஒருத்தன் பார்க்கட்டும் பார்ப்போம் என்ற வீம்பில், படம் பதிகிற அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன்.

கல்யாண வீட்டில் மணப்பெண் எனக்காகக் காத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய ராத்தா, மூத்த சகோதரி, மூதூரில் கல்யாணம் முடித்தவள். வழியில் இன்னும் துறைகள் தாண்ட வேண்டும் என்பதால் பின்னேரமே திரும்பிப் போக அவசரப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல்ல எனக்கும் ராத்தாக்கும் ஒரு படம் எடுங்க," என்றாள் மணப்பெண். "எங்கட அல்பம் எல்லாம் சுனாமியில போயிட்டு. நாங்க ரெண்டு பேரும் சேந்து நிக்கிற படம் ஒண்டுகூட இல்ல."

கையை நீட்டி இரண்டு முறை அமர்த்தினேன். ராத்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"விரல், புள்ள, விரல்! விரல எடுங்க!"

என் பெருவிரல் லென்ஸை மறைத்துக்கொண்டிருந்தது. போதாததற்குத் திரையில் ஏதோ அடையாளம் மினுங்கியது. அப்போதுதான் அட்டை கைப்பைக்குள் கிடப்பது நினைவு வந்தது. அட்டை இல்லாமல் எடுத்தது நிற்காது என்று நினைத்து, அதைப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். ராத்தாவும் தங்கையும் கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றார்கள். கை நடுங்காமலிருக்க முழங்கையைக் கதிரை முதுகில் ஊன்றி எடுத்தேன். அன்றைக்கு எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம்.

புறப்படும்போது பெண்ணின் தாய் வாசலில் மறித்தார்.

"இதுல நெகட்டிவ் இல்லியே புள்ள. ஆம்புளையள் ஆரும் பாத்திருவாங்களோ?"

"என்னைத் தாண்டி ஒருத்தரும் பாக்கேலாது அம்மா. நீங்கள் யோசியாதேங்கோ," என்றேன். பெரிய வாய்தான் எனக்கும்.

திரும்பி வரும் பாதையில் நடுத் தண்ணீருக்கு வந்த பிறகுதான் காலையில் நடந்தது மனதில் ஏறியது. எங்கள் கரைச் சென்றியில் இருவர் நிற்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை. அதே பெடியன் பொத்தானை அமர்த்துவான். மணப்பெண் முக்காடு இல்லாமல், தலை நிறையப் பூவோடு, ஒவ்வொன்றாகத் திரையில் வருவாள். மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டுவான். அட்டையைக் கழற்றினால்? வெறும் கமராவைக் கண்டதும் அட்டை எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். கைப்பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். உடம்பில் ஒளித்தால் பெண் பொலிசின் தடவலில் அகப்படும். ஒளித்த சாமானோடு அகப்பட்டவளின் கதி என்ன என்று அந்த நாட்களில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாதை கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. கமராவைத் திறந்தேன். எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டது. நாள் முழுக்கப் பிழையான பொத்தானில் விழுந்த என் கட்டைவிரல், அந்த ஒரு முறை மட்டும் வழுக்காமல், நடுங்காமல், சரியான இடத்தில் அமர்ந்தது.

சென்றியில் நின்றவர் வேறு ஆள். என்னை முன்பே தெரிந்த, வயதான ஒருவர்.

"அக்கா, பெரிய கமரா எங்க?" என்றார் அரைகுறைத் தமிழில்.

சின்னதை நீட்டினேன். வாங்கி இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தார். அவருடைய விரலும் லென்ஸின் மேல்தான் விழுந்தது.

"இதில புடிக்க இடம் இல்ல," என்று சிரித்தார். "பெரிசு நல்லம்."

ஒரு பொத்தானைக்கூட அமர்த்தவில்லை. திருப்பித் தந்துவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பஸ்ஸுக்குள் யன்னல் பக்கம் திரும்பியிருந்து அழுதேன். அவர் மேல் கோபம் வந்தது. பார்த்திருந்தாலாவது நான் செய்தது சரியென்று இருந்திருக்கும்.

அடுத்த நாள் இன்னொரு ஸ்டூடியோவில் கெஞ்சி ஒரு சுருள் வாங்கிக்கொண்டு, பழைய கமராவோடு கிண்ணியாவுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். தாய் கேட்டது ஒன்றுதான்.

"ஒருத்தரும் பாக்கல்லதானே?"

"இல்லை அம்மா."

"அப்ப சரி."

மகள் மறுபடியும் உடுத்துக்கொண்டு வந்து நின்றாள். எனக்கு ஆறுதல் சொன்னதும் அவள்தான். "ராத்தா பெருநாளைக்கு வருவா. அப்ப சேந்து எடுப்பம், அழாதீங்க."

பெருநாளைக்கு முன்னால் மூதூரில் சண்டை வந்துவிட்டது. சனம் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்த ஷெல்லில் ராத்தா போய்விட்டாள். எந்தப் பக்கத்து ஷெல் என்று அன்றும் ஆளுக்கொரு கதை, இன்றும் ஆளுக்கொரு கதை. அவளை அங்கேயே அடக்கிவிட்டார்கள். வீதி பூட்டியிருந்ததால் கடைசி முகத்தைப் பார்க்கத் தாயால்கூடப் போக முடியவில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு தாயும் மகளும் என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"அழிஞ்ச படம் திரும்பி வராதா?" என்றாள் மகள். "ராத்தாட முகம் எங்கட்ட ஒண்டும் இல்ல."

அப்போதெல்லாம் அதற்கு எனக்கு ஒரு வழியும் தெரியாது. அழித்த பிறகு அதே அட்டையில் எத்தனையோ அடையாள அட்டைப் படம் வேறு எடுத்திருந்தேன். கமராவை எடுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். "இதிலதான் இருந்தது. இப்ப இல்லை," என்றேன். அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியாமல் வெறும் கமராவைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டைவிரல் வழக்கம்போல எங்கேயோ பட்டிருக்க வேண்டும். கைக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது.

விரித்துப் பார்த்தேன். அட்டை இல்லாவிட்டாலும் அந்தக் கமரா இரண்டு மூன்று படத்தைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளுமாம். அது எனக்குத் தெரியாமல் போனதால்தான், அன்று அட்டை போடாமல் எடுத்த இரண்டும் தப்பியிருந்தன. முதல் படம் முழுக்க இருட்டு. இரண்டாவதில் பாதி என் விரல், சிவப்பாக, கலங்கலாக. மணப்பெண் அதற்குப் பின்னால் மறைந்துபோயிருந்தாள். மற்றப் பாதியில் ராத்தா. வாய் திறந்து, கண்கள் சுருங்கி, என்னை நோக்கி ஒரு கையை நீட்டிக்கொண்டு சிரித்தாள்.

தாய் தன் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சின்னப் பிரின்டரில் அச்சடித்து மகளின் கையில் கொடுத்தேன். தாயின் கண் கமராவின் மேல் போயிற்று. எங்கள் முறை எனக்கு நினைவிருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவர் பார்க்கவே அழித்தேன். இந்த முறை கை நன்றாக நடுங்கியது.

மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்புக் கலங்கலைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன்.

"தாங்கோ பிள்ளை, என்ட விரலை வெட்டி, அக்காவை மட்டும் வடிவா எடுத்துத் தாறன்."

அவள் படத்தை நெஞ்சோடு ஒதுக்கிக்கொண்டாள்.

"வெட்டாதீங்க," என்றாள். "ராத்தா அதப் பாத்துத்தானே சிரிக்கிறா."