காரிமங்கலத்துப் பத்து ரூபாய் நோட்டு

சுதந்திரம் வந்த கையோடு இந்தியா அச்சடித்த நோட்டுகளைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ராஜா தலை போய் அசோகத் தூண் சிங்கம் வந்த அந்த முதல் வரிசையில் ஒன்று குறைந்தாலும் சோறு இறங்காது. என்னிடம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் மூன்றும் இருந்தன. நூறு என் வசதிக்கு எட்டாது, அதன் பக்கமே நான் போகவில்லை. பத்து ரூபாய்தான் படுத்தி எடுத்தது. பின்பக்கம் பாய்மரக் கப்பல் போட்ட பெரிய நோட்டு. கிடைத்ததெல்லாம் எட்டாக மடித்து வெற்றிலைப் பையில் கிடந்தவை.

சேலத்தில் எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சி அடுத்த மாதம். நான்கும் சேராமல் மேசை போடுவதில்லை என்று வீட்டில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "பத்து ரூபாய்தானே, என் சட்டைப் பையில் இருக்கிறது, எடுத்துக்கொள்" என்றார் என் கணவர். அந்த நேரத்தில்தான் தருமபுரி நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் படம் அனுப்பினார். காரிமங்கலம் பக்கம் முனியம்மா என்பவர் வீட்டில் இருக்கும் நோட்டு. ஒரு மடிப்பு இல்லை. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஆறரைக்கு அரசுப் பேருந்து. தருமபுரி அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் அறுபது ரூபாய். தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, முக்கால் மணி நேரம் அங்கேயே போனது. இந்த வழியில் வருபவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரியில் இட்லி சாப்பிட்டுவிட்டு கிருஷ்ணகிரி பேருந்தில் ஏறினால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், காரிமங்கலம். அன்று வாரச்சந்தை. தேங்காய் மூட்டைகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் ஆட்டோ கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. நான்கு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது கேட்டார் ஓட்டுநர்.

"நூத்தி இருவது தரேங்க" என்றேன்.

"சந்த நாளுங்க அக்கா. நீங்க வேண்டான்னா ஆட்டுக்குட்டிய ஏத்திக்கிட்டுப் போக ஆளு நிக்குதுங்க" என்றார். நூற்றைம்பதே கொடுத்தேன்.

முனியம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பதுக்குப் பக்கம். ராகி போட்டிருக்கிறார்கள், தண்ணீர் ஏற்றும் மோட்டார் புகைந்துபோய்விட்டது. நோட்டை விற்க அதுதான் காரணம். பெட்டியைத் திறந்து, கிரயப் பத்திரத்தின் நடுவிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். "எங்க மாமனாரு மொத மொத நெலம் வாங்குனப்ப, எல்லாம் கட்டிட்டு மிச்சம் வந்த நோட்டுங்க. ராசியான நோட்டுன்னு பத்திரத்தோடவே வெச்சுட்டாரு." இத்தனை வருடம் பத்திரத்துக்குள் படுத்திருந்ததால்தான் அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

எட்டாயிரம் என்று பேசி முடித்து, பையிலிருந்து பணத்தை எடுத்தேன். முனியம்மா நோட்டை மறுபடி பத்திரத்துக்குள் வைத்துவிட்டார்.

"இன்னிக்கு செவ்வாக்கெழமைங்க அக்கா. லட்சுமிய இன்னிக்கு எப்படிங்க வூட்ட வுட்டு அனுப்பறது? நாளைக்கு வாங்க."

என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை பால்காரருக்குக்கூட நான் காசு கொடுப்பதில்லை. நோட்டு என்றதும் கிழமை மறந்துவிட்டது.

"நாளைக்கு பெங்களூர்ல இருந்தும் ஒருத்தர் பத்து மணிக்கு வரேன்னிருக்காருங்க. ஆரு மொதல்ல வராங்களோ அவங்களுக்குத்தான்" என்று வேறு சொன்னார். அவர் யார் என்று தெரியும். நல்ல நோட்டு எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடும் வியாபாரி. விடுவதாக இல்லை. தருமபுரி பேருந்து நிலையம் அருகே எழுநூறு ரூபாய்க்கு அறை எடுத்தேன். மாற்றுப் புடவை இல்லை, கட்டிய புடவையோடு படுத்தேன்.

புதன்கிழமை ஏழு மணிக்கெல்லாம் முனியம்மா வீட்டு வாசலில் நின்றேன். பணம் கொடுத்தாயிற்று. இடுக்கியை எடுத்தேன், நோட்டைப் போட பிளாஸ்டிக் உறையை விரித்தேன். அப்போது அவர் சாமி அறையிலிருந்து ஒரு கிண்ணத்தோடு வந்தார். குழைத்த மஞ்சள்.

"வேண்டாங்க!" என்று நான் போட்ட கத்தலில் வெளியே கட்டியிருந்த மாடு திரும்பிப் பார்த்தது. முனியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. கறை பட்டால் நோட்டின் மதிப்பு பாதியாகிவிடும், கண்காட்சியில் முதல் வரிசையில் நிற்காது என்று கெஞ்சிப் பார்த்தேன். மஞ்சளை உறை மேலே வையுங்கள் என்றேன்.

"நீங்க கவரையா அக்கா வாங்கறீங்க? நோட்டத்தான வாங்கறீங்க. இந்த வூட்டுல இருந்து போற லட்சுமிங்க. மஞ்ச வெக்காம அனுப்புனா எனக்கு மனசு கேக்காது. பெங்களூர்க்காரருக்கும் இப்படித்தான் குடுப்பேன். வேண்டான்னா பணத்த எடுத்துக்கங்க."

அவரோடு என்ன சொல்லி வாதாடுவது? புதுப் புடவை மூலையில் மஞ்சள் வைக்காமல் நான் என்றைக்காவது கட்டியிருக்கிறேனா? மணி ஏழரை. பத்து மணிக்கு அந்த வியாபாரி வந்துவிடுவான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, கோபமும் வந்தது. கடைசியில், "நானே வெச்சுக்கட்டுங்களா? கடுகளவு" என்று கேட்டேன். யோசித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். வெறும் விரலால் நோட்டைத் தொடாத நான், அதே விரலை மஞ்சளில் தொட்டு நான்கு மூலையிலும் வைத்தேன். அவசரத்தில் மூன்றாவது மூலையில் கடுகு கொண்டைக்கடலை ஆகிவிட்டது. முனியம்மா முகம் தெளிந்து, "இப்பத்தாங்க நெறவா இருக்குது" என்றார்.

இந்தப் பக்கம் பழைய நோட்டு தேடி வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். செவ்வாய், வெள்ளி வராதீர்கள். சந்தை நாளில் ஆட்டோவை நம்பாதீர்கள். மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருக்கும் நோட்டைவிடப் பத்திரத்துக்குள் இருக்கும் நோட்டு நன்றாக இருக்கும், அதனால் நிலம் வைத்திருக்கும் வீடுகளில் பத்திரத்துக்குள் நோட்டு உண்டா என்றும் கேளுங்கள். போகவர எனக்கு இரண்டு நாள், நோட்டு விலை போக ஆயிரத்து நானூறு ரூபாய் செலவு. மஞ்சளுக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

ஸ்பிரிட்டில் ஒத்தி எடுத்தால் மஞ்சள் போய்விடும் என்றார்கள் சங்கத்தில். பஞ்சும் பாட்டிலும் வாங்கிவைத்தேன். நேற்று மாலை விளக்கடியில் நோட்டை விரித்து, பாட்டில் மூடியையும் திறந்துவிட்டேன். அப்போது முனியம்மாவிடமிருந்து போன்.

"ஒண்ணும் இல்லீங்க அக்கா, சும்மாதான் கூப்பிட்டேன். நோட்டு நல்லா இருக்குதுங்களா?"

பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போன் செய்கிற குரல் அது.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"வெச்ச மஞ்ச அப்படியே இருக்குதுங்களா?"

"அப்படியே இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே, ஒரு கையால் பாட்டிலை மூடினேன்.