பெரிக்கை வாங்குபவர்கள்

கரோலினாப் புகையிலைக் கம்பெனிக்காரர்கள் இந்த வருஷத்தோடு பெரிக் வாங்குவதை நிறுத்தப் போகிறார்களாம். முடிவெட்டும் கடையில் யாரோ சொன்னதை ஒடீலின் தங்கை கேட்டுவந்து சொன்னாள்.

எங்கள் ஊரில் பெரிக் என்கிற இந்தக் குழாய்ப் புகையிலையை இன்னும் விடாமல் பயிரிடுகிறவர் ஒடீலின் கணவர் எவரிஸ்ட் ஒருவர்தான். இலையை விஸ்கிப் பீப்பாயில் அடைத்து, ஜாக்கியால் நசுக்கி, அதன் சாற்றிலேயே ஒரு வருஷம் ஊறவைப்பார். நடுவில் மூன்று தடவை வெளியே எடுத்து உதறி, மறுபடி அழுத்தவேண்டும். அன்று மூன்றாவது தடவை.

"வாங்க ஆளில்லாததை எதுக்கு மனுஷா உதறுறே?" என்றாள் ஒடீல்.

"உதறலேன்னா அழுகிடும்."

"அழுகாம வெச்சு? நாம ரெண்டு பேரும் நூறு வருஷம் புகைச்சாலும் தீராது."

அதற்குள் பக்கத்து நிலத்துக் க்ளோவிஸ் டிராக்டரோடு வந்துவிட்டான். கரும்புக்காக இந்த நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டிருந்தான். நாற்றங்காலில் புகையிலை நாற்று நடும் பருவத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, உங்க நாத்தா, என் கரும்பா? உங்க நாத்துக்குப் பேரப்பிள்ளை பொறக்கறதுக்குள்ள சொல்லிடுங்க."

"இருடா. வாங்கறவங்களையே கேட்டுடறேன். வாங்கிக்கறோம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இன்னிக்கே நட்டுடுவேன்."

எவரிஸ்டின் கையெல்லாம் கறுப்புச் சாறு. ஒடீலே நம்பரை அழுத்திப் போனை அவர் காதில் வைத்தாள். எத்தனையோ வருஷமாக இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுகிறவர்கள். ஒன்பதாவது மணியும் அடித்தது. க்ளோவிஸ் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தான்.