துரை படித்த ஜப்பான் பாஷை

சண்டையில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்த நிமிடமே அவர் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார். காய்கறிக்காரரோ, மைத்துனரோ, மின்கட்டண ஆபீஸ் ஆளோ, யாராயிருந்தாலும் அத்தோடு வாயடைத்துப் போவார்கள். கல்யாணமான நாளிலிருந்து மனைவி பார்த்துவரும் வழக்கம் இது. கையுறை தைக்கும் கம்பெனியில் அவருக்குத் துரை என்று பட்டப்பேர் விழுந்ததும் இதனால்தான். வெளிநாட்டுக் கடிதங்களை எழுதுகிறவர் என்று அவருக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி அறை கொடுத்திருந்தார்கள். அந்த அறையில்தான் அவர் உயிர் இருந்தது.

அதற்கு ஆபத்து ஜப்பானிலிருந்து வந்தது. பெரிய ஆர்டர் தரக்கூடிய ஜப்பான்காரர்கள் வரப்போகிறார்கள், அவர்கள் பாஷையிலேயே அவர்களிடம் பேசத் தெரிந்தவருக்குத்தான் இனிமேல் கண்ணாடி அறை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"இங்கிலீஷையே கரைச்சுக் குடிச்சவன் நான். இது என்ன பிரமாதம்?" என்றார் துரை வீட்டில்.

"உம்" என்றாள் மனைவி.

மாடியில் குடியிருந்த பெண் ஜப்பான் மொழி ஆசிரியை. ஞாயிறுதோறும் இறங்கி வந்து கூடத்திலேயே பாடம் நடத்தினாள். மனைவி பீன்ஸ் நறுக்கியபடி பார்த்துக்கொண்டிருப்பாள். துரை எந்த வாக்கியத்தையும் முதலில் இங்கிலீஷில் கட்டுவார். பிறகு அதைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்து ஜப்பானுக்குச் சுமந்து போவார். போய்ச் சேரும்போது சுவர் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம் கிடக்கும்.

"சார், தமிழ்ல எப்படிப் பேசுவீங்களோ அந்த வரிசையிலேயே சொல்லிப் பாருங்க. பாதி வேலை முடிஞ்சிடும்."

"தமிழ் வழியா வர்றதுக்கு நான் என்ன பாமரனா மேடம்?"

ஜப்பான்காரர்கள் இங்கிலீஷிலிருந்து வாங்கிக்கொண்ட சொற்கள் வந்தபோதுதான் அவருக்குத் தெம்பு வந்தது. பாலுக்கு ஆசிரியை 'மிருக்கு' என்றாள். துரை சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

"மில்க்னு திருத்திக்குங்க."

"சார், அது இப்போ அவங்க வார்த்தை."

"அடுத்தவன் பொருளை வாங்கினா ஒழுங்கா வச்சுக்க வேணாமா?"

ஜப்பான்காரர்கள் வந்துபோன அன்று துரை தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தார்.

"நான் சொன்னதுக்கெல்லாம் 'ஹாய், ஹாய்'னு தலையாட்டினாங்க. ஹாய்னா யெஸ்! விலைக்கு யெஸ், தேதிக்கு யெஸ். ஆர்டர் முடிஞ்சதுன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

"உம்" என்றாள் மனைவி.

முதலாளி துணியை வெட்டச் சொன்னார். அவர்கள் கேட்ட சின்ன அளவுக் கையுறைகள் மலையாகக் குவிந்தன. அப்புறம்தான் கடிதம் வந்தது. நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டோம், யோசித்துச் சொல்கிறோம்.

"யோசிக்கிறாங்களாம்! தைச்சு வச்சதையெல்லாம் நீ போட்டுக்கறியாய்யா?" என்று முதலாளி கத்தியது பேக்கிங் கூடம் வரை கேட்டதாம்.

அடுத்த ஞாயிறு துரை ஆசிரியையிடம் நியாயம் கேட்டார். "அவங்க வாயாலதானே மேடம் ஹாய்னு சொன்னாங்க?"

"அது சம்மதம் இல்ல சார். கேட்டுட்டு இருக்கோம்னு காட்டறது. பேசறவர் சும்மா சுவத்துகிட்ட பேசற மாதிரி ஆயிடக் கூடாதுன்னு ஒரு மரியாதை."

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட, நான் உம் கொட்டற மாதிரி!"

துரை மெல்லத் திரும்பினார். "நீ உம்னா சரின்னுதானே அர்த்தம்?"

"கேட்டுட்டு இருக்கேன்னு அர்த்தங்க."

"ஸ்கூட்டரை வித்தப்போ?"

"கேட்டுட்டு இருந்தேன்."

"உங்கப்பா குடுத்த கட்டிலை என் தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்தப்போ?"

"அப்போ ரொம்ப நல்லாவே கேட்டுட்டு இருந்தேன்."

ஆசிரியை புத்தகத்தை அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடியேறிவிட்டாள்.

துரைக்கு வேலை போகவில்லை, கண்ணாடி அறை போய்விட்டது. ஜப்பான்காரர்கள் யோசித்து முடித்து, குறைந்த விலைக்குப் பாதி ஆர்டர் தந்தார்கள். அவர்களுக்கு எழுதவேண்டிய கடிதங்களை மாடிவீட்டு ஆசிரியை எழுதித் தருகிறாள். துரை பேக்கிங் கூடத்தை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து மற்ற நாடுகளுக்கு இங்கிலீஷில் எழுதுகிறார். ஞாயிறு வகுப்பு நடக்கிறது. முதல் புத்தகம் இன்னும் முடியவில்லை.