பேசினால் ஐந்து மதிப்பெண்

வகுப்பில் மாணவர்கள் பேச வேண்டும் என்று எங்கள் கல்லூரிக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஹைதராபாத்தில், குஷாய்குடாவைத் தாண்டி இருக்கும் தனியார் பொறியியல் கல்லூரி. நான் அங்கே மின்னியல் நடத்துகிறேன். அதுவரை வராந்தாவில் நின்று "சைலன்ஸ்" என்று விரட்டிக்கொண்டிருந்த முதல்வர், இனிப் பேசுகிறவர்களுக்கு ஐந்து மதிப்பெண் என்றார். ஒரே நிபந்தனை, ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

முன்வரிசைப் பையன்கள் பாடப்புத்தக வரியையே கேள்வியாக்கிக் கேட்டார்கள். நானும் அதே வரியைப் பதிலாகச் சொன்னேன். மற்றவர்கள் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை ஆன்லைன் வகுப்பு இன்னும் கேவலம். கறுப்புக் கட்டங்களைப் பார்த்து நானே கேட்டு, நானே பதில் சொல்லி, நானே "வெரி குட்" போட்டுக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் தெலுங்கில் இறங்கினேன். என் தெலுங்கு காய்கறிக் கடையோடு நின்றுவிடுகிற தெலுங்கு. இரண்டு வாக்கியம் தாங்கவில்லை, ஒரு பெண் மைக்கைத் திறந்தாள்.

"மேடம், மீரு இங்கிலீஷ்லோனே செப்பண்டி. நேனு தெலுகுலோ அடுகுதானு."

நீங்கள் ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள், நான் தெலுங்கில் கேட்கிறேன் என்று எனக்கே வழி சொன்னாள். மல்லாபூரிலிருந்து வருபவள், பள்ளிக்கூடம் முழுக்கத் தெலுங்கு வழி. அதுவரை அவள் குரலையே நான் கேட்டதில்லை. சொன்னபடி கேட்டாள். டிரான்ஸ்ஃபார்மருக்குள் எதுவும் சுற்றுவதில்லை என்கிறீர்களே, பிறகு எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு அப்படி முனகுகிறது?

இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. காந்தப்புலம் ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு சுருங்கும், அந்த அதிர்வுதான் சத்தம் என்றேன். அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்தடுத்த வாரங்களில் நேர் வகுப்பிலும் அவள் கேட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வாயைத் திறந்தார்கள்.

மாணவர் பங்கேற்பைக் கண்ணால் பார்க்க முதல்வர் ஒருநாள் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவள் எழுந்து பாதிக் கேள்வி கேட்டிருப்பாள்.

"இன் இங்கிலீஷ், ப்ளீஸ்" என்றார்.

அவள் "மேடம்... வொய்... தி..." என்று தடுமாறினாள். முன்வரிசை சிரித்தது. உட்கார்ந்துவிட்டாள்.

"தெலுங்கிலேயே கேட்கட்டும் சார், எனக்குப் புரிகிறது" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"கம்பெனிக்காரன் இன்டர்வியூவைத் தெலுங்கிலா நடத்துவான், மேடம்?" என்று அவரும் ஆங்கிலத்திலேயே கேட்டுவிட்டுப் போனார். கீழே போனதும் கல்லூரிப் பேருந்து டிரைவரைத் திட்டினார். அதற்கு மட்டும் அவருக்கு நல்ல தெலுங்கு வந்தது.

அந்தப் பெண் அதன்பிறகு கேள்வி கேட்கவில்லை. எப்போது கூப்பிட்டாலும் எழுந்து "எஸ் மேடம், அண்டர்ஸ்டுட் மேடம்" என்கிறாள். எதுவும் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது. ஆனால் வாயைத் திறக்கிறாள், ஆங்கிலத்தில் திறக்கிறாள். விதிப்படி அவளுக்கு ஐந்துக்கு ஐந்து. வயிறு எரிய எரிய நான்தான் போடுகிறேன்.